மறுபடியும் உடைத்த மணிக்கட்டு

அன்று காலை கணவரின் இரத்த அழுத்த மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கப் பார்த்தேன். வலது கட்டைவிரலின் நுனி மடங்கவில்லை. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. மடங்கு என்று நினைக்கிறேன், அது நேராகவே நிற்கிறது. இடது கையால் பிடித்து மடக்கினேன், மடங்கியது. விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

மணிக்கட்டில் அறுவை சிகிச்சை முடிந்து அப்போது ஏழு மாதம். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்ட கை அது.

என் கணவர் மணியம் பினாங்கில், பிறை என்ற ஊரில் லாரி ஓட்டியவர். மூன்று வருடங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சும் போனது. மிஞ்சியவை சில சொற்கள்தாம்: "சரி", "வா", "போச்சு". எதைச் சொல்ல நினைத்தாலும் இவற்றில் ஒன்றுதான் வாயில் வரும். சுங்கை பினாங்கில் எட்டாவது மாடி ஃபிளாட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஒரே மகள் கவிதாவுக்கு மலேசியாவின் தெற்குக் கோடியில், ஜொகூரில் வேலை. நான் ஒரு அலுவலகத்தில் அரை நாள் கிளார்க். காலையில் அவர் அக்குளுக்குள் என் வலது கையைக் கொடுத்து, "எந்திரிங்க" என்று ஒரு தூக்குத் தூக்கினால் நின்றுவிடுவார். பிறகு நாலு எட்டு நடப்பார். அந்த நாலு எட்டுக்காகத்தான் எங்கள் நாள் முழுவதும் ஓடியது.

அப்படி ஒருநாள் குளியலறையில் அவர் சறுக்கினார். தலை தரையில் மோதிவிடக் கூடாது என்று கையை நீட்டினேன். அவர் எடை முழுவதும் என் கைமேல் இறங்கியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தரையில் கிடந்தபடி என் கையைப் பார்த்து, "போச்சு, போச்சு" என்றார். அன்று அவருக்குச் சரியான சொல்லே வாய்த்தது.

உடைந்தது ஆரை எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் எலும்பு). ஒரு மருத்துவமனையில் தகடு வைத்து, திருகாணி போட்டு இணைத்தார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை பக்கவாட்டில் பார்க்க வளைந்திருந்தது, கவிழ்த்து வைத்த முள்கரண்டிபோல. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியவில்லை. கடைக்காரர் கொடுத்த சில்லறையைக்கூட இடது கையில்தான் வாங்கினேன். கட்டுப் பிரிக்கும்வரை கவிதா லீவு போட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், பிறகு அந்த வளைந்த கையாலேயே நான் அவரைத் தூக்கினேன்.

மறுபரிசோதனைக்குப் போன ஒவ்வொரு முறையும் வேறு வேறு மருத்துவர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில். கடைசியாகப் பார்த்த இளம் மருத்துவர் தமிழர். கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வலி இருக்கத்தான் செய்யும் ஆன்ட்டி. உங்க வயசுக்குக் கொஞ்சம் டைம் எடுக்கும் லா."

"வளைஞ்ச மாதிரி இருக்கே, டாக்டர்?"

"வீக்கம்தான். பயிற்சி செய்ங்க."

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இதே நிலையில் இருந்துகொண்டு இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் எக்ஸ்ரே படத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. நல்ல கையையும் பக்கத்தில் வைத்து, இது ஏன் அதுபோல இல்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேளுங்கள்.

கட்டைவிரல் நின்றுபோன பிறகுதான் கை அறுவை நிபுணர் ஒருவரிடம் போனேன். அறுபதை நெருங்கும் சீனர். என்னோடு மலாயில் பேசினார். பழைய படங்களையும் புதிய ஸ்கேனையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து, பேனா நுனியால் தகட்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. தகட்டின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கட்டைவிரலை மடக்கும் தசைநாண் (தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறு போன்ற பகுதி) ஏழு மாதமாக அந்த விளிம்பில் உரசி உரசி அறுந்துவிட்டது.

"கித்தா கெனா பாத்தாக்கான் பாலிக், புவான்" என்றார். மறுபடியும் உடைக்க வேண்டும், அம்மா.

வெட்டி, நேராக்கி, இடைவெளியில் இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்து, புதுத் தகடு போட வேண்டும். அறுந்த நாணை இனி இணைக்க முடியாது. மோதிர விரலுக்கு மடக்கும் நாண்கள் இரண்டு உண்டு, அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலோடு தைக்க வேண்டும்.

"பழைய கை திரும்பி வருமா, டாக்டர்?"

"பழைய கை வராது. இதைவிட நல்ல கை வரும். அதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

முதல் மருத்துவமனைக்குக் கவிதா ஒரு புகார்க் கடிதம் எழுதினாள். இத்தகைய சிகிச்சையில் நேரக்கூடிய பின்விளைவு என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது. அதைப் படித்தபோது கோபப்படக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போனது.

அப்பாவை என்ன செய்வது என்ற பேச்சை எடுத்தவளும் கவிதாதான். தொலைபேசியில் நேராகவே சொன்னாள்.

"அப்பாவ ஹோம்ல விடணும்மா. ஆறு வாரம்தான்."

"வேற இடத்துல அவரு இருக்க மாட்டாரு."

"நீங்க எப்படிப் பாப்பீங்க? போன தடவையே லீவெல்லாம் எடுத்துட்டேன், இனி ரெண்டு வாரம்தான் கிடைக்கும். ஒத்தக் கையால அவர எப்படித் தூக்குவீங்க?"

அவள் சொன்ன இல்லங்களின் எண்களை இடது கையால் எழுதிக்கொண்டேன்.

கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு பராமரிப்பு இல்லம் கிடைத்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி" என்றார். அவர் சரி என்றால் சம்மதம் என்று பொருளா, வேறு சொல் கிடைக்கவில்லை என்று பொருளா, யாரால் சொல்ல முடியும்? லீவு போட்டு வந்த கவிதாவும் நானும் அங்கே கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வா" என்றார். வாசல்வரை அந்த ஒரே சொல்தான் கேட்டது. நான் கவிதாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்ததாகச் சொன்னார்கள். கண் விழித்தபோது தோளிலிருந்து விரல்வரை உணர்வே இல்லை. வலிக்காமல் இருக்கக் கழுத்தோரத்தில் ஊசி போட்டு நரம்புகளை உறங்க வைத்திருந்தார்கள். யாரோ தன் கையை என் வயிற்றின்மேல் மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. தள்ளிவிடப் பார்த்தேன். அது என் கைதான் என்று தாதி சொன்னாள்.

நான் எதிர்பாராதது இடுப்பு வலி. மணிக்கட்டுக்காகப் போன எனக்கு ஒரு வாரம் நடக்க முடியவில்லை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் படுக்கையருகே ஒரு நாற்காலியாவது போட்டு வைத்திருப்பேன்.

கவிதா எனக்குப் பல் விளக்கும் தூரிகையில் பசை வைத்தாள். தலை வாரினாள். கழிவறைக்கு உள்ளே வந்தாள். முதல் நாள் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடமாக நான் அவருக்குச் செய்தது இதுதான். செய்யும்போது, அவர் எந்தச் சுவரைப் பார்த்தார் என்று ஒருநாளும் நான் கவனித்ததில்லை.

இடது கையால் சாப்பிட்டேன். கரண்டிதான் என்றாலும் முதல் வாய் இறங்கவில்லை. நம் வீடுகளில் எதற்கு எந்தக் கை என்று குழந்தையிலேயே அடித்துச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களே. அவரும் மூன்று வருடமாக இடது கையால்தான் சாப்பிட்டார். எங்கள் இருவருக்கும் சேர்த்து இப்போது இரண்டு கைகள், இரண்டுமே இடக்கைகள்.

இரண்டு வாரம் முடிந்து கவிதா போனாள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா காலையில் வந்து என் சட்டையைப் போட்டுவிடுவார். நான் ஃபெரிப் படகு ஏறி அவரைப் பார்க்கப் போவேன். கையை நெஞ்சு உயரத்தில் தூக்கி வைத்திருப்பேன், தொங்கவிட்டால் வீங்கும். கூட்டத்தில் யாரும் இடித்துவிடக் கூடாதே என்று அந்தச் சிறிய பயணம் முழுவதும் உடம்பைத் திருப்பித் திருப்பி நிற்பேன்.

ஆறு வாரம் என்றது மூன்று மாதமானது. எலும்புத் துண்டு மெதுவாகத்தான் பிடித்தது. அதன் பிறகு விரல் பயிற்சி. சொல்லிக் கொடுத்த பெண் மலாய்க்காரர், பொறுமையானவர், என்னைக் 'காக்', அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். கட்டைவிரலை மடக்கச் சொன்னார். நான் முயன்றேன், அசையவில்லை.

"கட்டைவிரலை நினைக்காதீங்க, காக். மோதிர விரலை மடக்குறதா நினைங்க."

நினைத்தேன். கட்டைவிரல் நுனி துளி அசைந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மாறாக, உடம்பெல்லாம் கூசியது. ஒரு வீட்டு மணியை அழுத்த, வேறு வீட்டுக் கதவு திறந்ததுபோல. ஐம்பத்து நான்கு வருடம் என்னோடு இருந்த கைக்கு நான் புதிதாக முகவரி பழக வேண்டியிருந்தது.

அதே வாரம்தான் இல்லத்தில் தாதி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"அங்கிள் இப்ப நிக்க மாட்டேங்குறாரு, ஆன்ட்டி. தூக்கினா முட்டி மடங்கிடுது. ரொம்ப நாளாப் படுத்தே இருந்துட்டாரு. இங்க நாங்க ரெண்டு பேரு, ஆளுங்க பத்தொன்பது பேரு."

அவளை நான் எப்படிக் குறை சொல்வது?

நிபுணரிடம் கேட்டேன். எப்போது என் கணவரைத் தூக்கலாம்? அவர் படத்தைப் பார்த்தார், எலும்பு நேராக இருக்கிறது, தனக்குத் திருப்தி என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதலாம், சமைக்கலாம், துணி மடிக்கலாம். ஒரு ஆளின் எடையை இந்தக் கையில் ஏற்ற வேண்டாம், புவான். இனி எப்போதும் வேண்டாம்."

எதற்காக இந்தக் கையைச் சரிசெய்ய வந்தேனோ, அது ஒன்றுதான் அவர் பட்டியலில் இல்லை. அவர்மேல் தவறில்லை. அவர் சொன்னபடியே, முன்பைவிட நல்ல கையைத்தான் கொடுத்திருந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, லிஃப்ட்டின் பொத்தானை அழுத்த மறந்து வெகுநேரம் அதன் முன் நின்றேன்.

என் கணவர் இன்னும் பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறார். இப்போது உள்ளங்கை முக்கால்வாசி திரும்புகிறது. மழைக்கு முன்பு தகடு இருக்குமிடம் குளிர்கிறது. காலையில் விரல்கள் விறைத்துக் கிடப்பதால் என் நாள் மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் பிந்தித்தான் தொடங்குகிறது. பொத்தான் போட, சாவி திருப்ப, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று உடம்பு முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. முன்பு வேலைகளுக்கு நடுவில் நேரம் இருந்தது. இப்போது ஒவ்வொரு வேலைக்குள்ளும் நேரம் இருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள் அவரிடம் போகிறேன். ஒருநாள் மதியம் அவர் கட்டிலருகே உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு விரலும் இருபது முறை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் இடது கையை நீட்டி என் கட்டைவிரலைப் பிடித்தார். மெதுவாக மடக்கினார்.

"ஒண்ணு" என்றார்.

மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை. விரலை விட்டார், மறுபடி மடக்கினார். "ரெண்டு." பின்னால் தாதியிடம் கேட்டபோது, எண்கள்போல மனப்பாடமாக ஊறிய வரிசைகள் சிலருக்கு மூளையில் தனியாகத் தங்கிவிடும் என்றாள். அதனால் பேச்சு திரும்புகிறது என்று நினைத்துவிட வேண்டாம் என்றும் சொன்னாள். அப்போது எனக்கு அது தெரியாது. குழறாமல், ஒன்றையும் விடாமல் அவர் எண்ணிக்கொண்டே போனார்.

இருபது வந்தது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லையோ, மனமில்லையோ, இருபத்தொன்று என்றார். விரல் வலிக்கத் தொடங்கியிருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.