அட்டை கடிக்கும் மலை

புசல்லாவையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. மலை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். நுவரெலியா பஸ்ஸிலிருந்து பார்த்தால் பெரிய மலைகளுக்கு நடுவே அது கண்ணில்கூடப் படாது. ஆள்தான் சிறிசு, குணமோ இரண்டு. மேற்குப் பக்கம் எந்நேரமும் ஈரம். பாசி, பன்னம் என்கிற பெரணிச் செடி, காலை வைத்தால் அட்டை. கிழக்கில் காய்ந்த மானாப்புல். உச்சியில் கரும்பாறை படிப்படியாக வெடித்து நிற்கும், மேசன் பாதியில் விட்டுப்போன படிக்கட்டு மாதிரி. அந்த வெடிப்புகளில் கசிகிற தண்ணீர்தான் நாங்கள் குடம் பிடிக்கும் பீலிக்கு வருகிறது.

மலை முக்காடு போட்டால் மழை. எங்களூர் வானிலை அறிக்கை அவ்வளவுதான். உச்சியில் மூட்டம் இல்லாவிட்டால் நம்பி மிளகாய் காயப்போடலாம்.

போன ஐப்பசியில் தங்கச்சியைப் பெண் பார்க்கக் குண்டசாலையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையும் அவளும் கண்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை, ஒருவரையொருவர் விரும்பினார்கள். அவருடைய அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. அந்த அம்மா நாவலப்பிட்டி டவுனில் கடைக்காரர் மகளாம், லயத்தில் சம்பந்தம் வைக்க யோசிக்கிறாராம். அன்றைக்கு அவர் சொல்லும் வார்த்தையில்தான் தங்கச்சியின் கலியாணம் இருந்தது. அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தேத்தண்ணி குடித்ததும் மாப்பிள்ளைக்கு மலையில் போட்டோ எடுக்க ஆசை வந்துவிட்டது. தங்கச்சி கிளம்பினாள். அந்த அம்மாவும் பட்டுச் சேலையோடு கிளம்பினார். நான் அண்ணாந்து பார்த்தேன். உச்சி பளிச்சென்று இருந்தது.

"வாங்க, மழையெல்லாம் வராது. நான் கேரண்டி" என்றேன்.

ஐப்பசி மழை மலையின் முதுகுப் பக்கமிருந்து சொல்லாமல் வரும் என்பது அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துபோயிற்று.

பாதி வழியில் பிடித்துக்கொண்டது. மேற்குப் பக்கப் பாறைக்கு அடியில் நாலு பேரும் ஒண்டினோம். பட்டுச் சேலை முழுக்கச் சேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"ஐயோ அம்மா, கால்ல அட்ட!" என்று மாப்பிள்ளை குதித்தார்.

அந்த அம்மா குதிக்கவில்லை. குனிந்து, விரல் நுனியால் அட்டையைப் பிடுங்கி, கையில் ஒட்டவிடாமல் உருட்டி உருண்டையாக்கி, சுண்டி எறிந்தார். உப்புக் கேட்கவில்லை, சவர்க்காரம் கேட்கவில்லை. எங்கள் லயத்தில் எல்லோரும் செய்வது அதுதான். டவுன்காரர் ஒருவர் செய்து நான் பார்த்ததில்லை.

"ஒங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்றார் மகன்.

"லயத்துல பொறந்தவளுக்கு அட்டையப் புடுங்கத் தெரியாதா?" என்றார் அவர். "ஒங்க தாத்தாவுக்குக் கடையும் இல்ல, ஒன்னும் இல்ல. தோட்டத்துல தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுனாரு."

மாப்பிள்ளைக்கும் அது புதுச் செய்தி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த அம்மா தங்கச்சி பக்கம் திரும்பினார். "கால நீட்டு புள்ள, ஒனக்கும் ஒன்னு ஏறியிருக்கு."

பெரியவர் தன் காலைத் தொடுவதா என்று கூசி, தங்கச்சி காலை இழுத்தாள். அவர் விடவில்லை. பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கூட்டுக்கு வந்து நீ எதையும் மறைக்காத. கலியாணம் கட்டின நாள்லேருந்து மறைச்சு மறைச்சு எனக்கு அலுத்துப்போச்சு."