திருமுக்கூடலில் கேட்ட ஹாரன்

திருமுக்கூடல் டீக்கடையில் எங்கள் பஸ் நிற்கிறது. யாரும் டீ கேட்கவில்லை. எல்லோரும் கடைக்கார அம்மாவின் செல்போனைச் சூழ்ந்து நிற்கிறார்கள். வெளிநாட்டில் பனிமேல் நடக்கும் ஓட்டப் பந்தயம் அதில் நேரலையாக வருகிறது. அகலமான பனிக்காலணியோடு இரண்டாவதாக ஓடிவருபவள் அவருடைய மகள் செல்வி.

"பாலாத்து மணல்லதான் ஓடிப் பயகுனா சார். பனியையே அங்க போயிதான் பாத்தா," என்கிறார் அம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால், முதலில் ஓடும் பெண் கால் மடங்கி விழுகிறாள்.

"தங்கம் நமக்குத்தான்!" என்று கத்துகிறார் எங்கள் டிரைவர்.

செல்வி நிற்கிறாள். விழுந்தவளைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் மறுபடி ஓடுகிறாள். அதற்குள் இருவர் கடந்துவிடுகிறார்கள். செல்விக்கு வெண்கலம்.

"தங்கம் போயிடுச்சேம்மா," என்கிறேன்.

"போனா இன்னா சார்? வுயுந்தவள தாண்டிக்கினு ஓடியிருந்தா, அந்தத் தங்கத்த எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊருக்குக் காட்டுவேன்?"

திரையில், இந்தியக் கொடியைப் போர்த்திய செல்வியை, விழுந்த அந்தப் பெண் கட்டிக்கொண்டு அழுகிறாள். அங்கே கூட்டமே எழுந்து கைதட்டுகிறது. இங்கே டிரைவர் பஸ்ஸில் ஏறி, ஊருக்கே கேட்கும்படி ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கிறார்.