பேரி இலைகளுக்கு அப்பால்

எந்த வீட்டுக்குப் போனாலும் தேவகுமாரி முதலில் ஜன்னலோரம்தான் போவாள். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, எதிர்மலையில் ஏதாவது ஒரு கூரையை மறைத்துப் பார்ப்பாள். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் வருடக்கணக்காக இதே பழக்கம். இங்கிருந்து அங்கே சிக்னல் போகுமா, நடுவில் என்ன நிற்கிறது என்று மனம் தானாக யோசிக்கும்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்ததும் கொடைக்கானல் பஜாரில் ஹபீப்பின் பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பூண்டு விதைக்கும் அவள் வீட்டில் அதுதான் முதல் பட்டம். ஹபீப் எதிர்ச்சரிவில் ஞானம்மா என்ற கிழவியின் வீட்டு முன்னறையைப் பிடித்து, ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு கிளை திறந்தார். இடையிலிருந்த வீடுகளில் சிக்னலைக் கடத்தும் நெட்வொர்க் சுவிட்ச் வைத்து, சரிவு நெடுகக் கேபிள் இழுத்தார்கள். மேய வந்த காட்டுமாடு அதைக் கொம்பில் சுற்றிக்கொண்டு சோலைக்குள் போய்விட்டது.

"மாட்டுக்கும் நெட் வேணும்போல," என்று சிரித்தார் ஹபீப். "வயரே வேணாம்மா. வெரசா வயர்லெஸ் போட்ரு."

தை மாதக் குளிரில் இரண்டு கூரைகளிலும் ஆன்டெனாவை ஒன்றையொன்று பார்க்க நிறுத்தினாள். ஞானம்மா வீட்டு முற்றத்துப் பேரி மரத்தின் மொட்டைக் கிளைகளுக்கிடையே கடையின் நீலப் பலகை தெளிவாகத் தெரிந்தது. சிக்னல் கோடுகள் முழுசாக எழுந்தன.

ஞானம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முப்பது வருடங்களுக்கு முன் வந்தவள். அங்கே அட்டனிலேயே தங்கிவிட்ட தங்கை சிவபாக்கியத்தை அதன்பிறகு பார்த்ததில்லை. முகம் பார்த்துப் பேசலாம் என்ற ஒரே வார்த்தைக்காகத்தான் அறையைக் கொடுத்திருந்தாள்.

"இந்தப் பொட்டி என்னா புள்ள செய்யும்?"

"ரவுட்டர், பெரியம்மா. எது எங்க போவணும்னு பிரிச்சு விடும்."

"எங்க தோட்டத்துக் கங்காணியாட்டம்."

"இது திட்டாது."

"அந்த நம்பரு?"

"ஐ.பி. அட்ரஸ். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம்."

"எங்க தோட்டத்து லயத்துல ஒவ்வொரு காம்பரா வீட்டுக்கும் நம்பர் இருந்திச்சு. அதுல தங்கச்சிதான் மிச்சம்."

சித்திரையில் ஒரு ஞாயிறு, சிவபாக்கியத்தைப் பேரன் அட்டன் டவுனுக்குக் கூட்டிவந்தான். இங்கே ஞானம்மா புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. தேவகுமாரி ஓடி வெளியே வந்தாள். பேரி மரம் பச்சையாய் அடர்ந்து, ஒவ்வொரு இலையிலும் பனிநீர் ஏந்தி நின்றது. நீலப் பலகை எங்கோ அதற்குப் பின்னால். பூம்பாறைக் கிராமத்தில் பேரி மரத்தடியிலேயே வளர்ந்தவளுக்கு, தையில் அதைப் பார்த்தபோது இது துளிர்க்கும் என்று ஏன் தோன்றவில்லை? படித்த படிப்பு கண்ணை இவ்வளவு தூரம் மறைக்குமா?

அப்போது காற்று வந்தது. இலைகள் விலகின. திரையில் ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு ஒரு காது. அசையாமல் நின்ற பாதிச் சிரிப்பு. குரல் வரவில்லை. காற்று அடங்கியதும் எல்லாம் போயிற்று. மேகம் முற்றத்தில் இறங்கி நின்றது. ஞானம்மா திரையைத் தொட்டபடி அடுத்த காற்றுக்காகக் காத்திருந்தாள். அன்று அது வரவே இல்லை.

ஞானம்மா முற்றத்துக்கு வந்தபோது அவள் கையில் அரிவாள் இருந்தது.

"வெட்டிரலாம் புள்ள."

"காய்க்கிற மரம் பெரியம்மா, வேணாம். மரத்துக்கு மேல போற மாதிரி இரும்புக் கம்பம் நட்டு ஆன்டெனாவ ஏத்தறேன். அடுத்த தடவ முழுசா பாக்கலாம்."

அரிவாள் இறங்கியது.

மழைக்கு முன்பே தேவகுமாரிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஐப்பசியில் ஹபீப் கிளையை மூடினார். கம்பம் வந்தால் மறுபடி திறக்கலாம் என்றார். கம்பம் நடுவதாகத் தான் சொன்னது சத்தியமா, மரத்தைக் காக்கச் சொன்ன சமாதானமா என்று தேவகுமாரிக்கே பிடிபடவில்லை. ஞானம்மா மட்டும் அவ்வப்போது போனில் கேட்பாள்.

"தங்கச்சிக்கு இப்ப நடக்க ஏலாதாம். கம்பம் எப்ப புள்ள?"

"லீவு கெடச்சதும் வாரேன் பெரியம்மா."

லீவு கிடைக்கிறது. அவள் ஊருக்கு வந்தும் போகிறாள். எதிர்ச்சரிவின் பக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.