காதுகுத்து டிவிடி

என் மகளின் கல்யாணப் பத்திரிகையை வாங்க என் தம்பி மறுத்துவிட்டான். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். முதல் பத்திரிகை அவனுக்கு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் அச்சாகி வந்த பத்திரிகைக் கட்டு அப்படியே அலமாரி மேல் கிடந்தது.

காரணம், மகளுக்கு மூன்று வயதில் நடந்த காதுகுத்து. மொட்டைத் தலைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய்மாமன் உட்கார்ந்திருக்க, முதல் மாலையை என் வீட்டுக்காரர் தன் அக்கா புருஷனுக்குப் போட்டுவிட்டாராம். இத்தனை வருடமாக நல்லது கெட்டதுக்குத் தம்பி வந்து போனான். வந்த இடத்திலெல்லாம் இதைச் சொல்லிக் காட்டினான். கல்யாணம் என்றதும் ஒரேயடியாக முறுக்கிக்கொண்டான்.

எனக்கு வந்ததே கோபம். முதல் மாலை தம்பிக்குத்தான் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

"டிவிடி இருக்கு. ஞாயித்துக்கெழம வா. கண்ணால பாத்துட்டு அப்பறம் பேசு" என்றேன் போனில்.

"காட்டு. நீ சொன்னபடி இருந்தா பத்திரிகைய வாங்கிக்கிறேன்" என்றான்.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கு ஞாவகம் இல்ல" என்றார். வருடக்கணக்காக இதே பதில்தான். மண்டபத்தில் எந்த வெஞ்சனத்தில் உப்புக் குறைந்தது என்பது வரை ஞாபகம் இருக்கும் மனிதருக்கு இது மட்டும் ஞாபகம் இல்லை. அதற்காகவும் அவரைத் திட்டியிருக்கிறேன்.

டிவிடி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. டிவிடி பிளேயர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. மகளின் லேப்டாப்பில் டிவிடி போட இடமே கிடையாது. மிச்சம் இருந்தது, சுங்குடித் துணியில் நான் உறை தைத்து மூடி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர். "அத நான் பாத்துக்கிறேன்" என்று என் வீட்டுக்காரர் தானாக முன்வந்தார். பல்பு மாற்றவே நாலு தடவை சொல்ல வேண்டிய மனிதர். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை, டிவிடியில் அழுக்கு என்றார். வேட்டி நுனியால் வட்டமாகத் துடைத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், இப்படித் தேய்த்தால் கீறல்தான் விழும் என்றேன். நன்றாக விழுந்தது. வெள்ளிக்கிழமை, படம் ஓட்டும் சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது என்றார். புதிதாக ஒன்றை இறக்கிப் போட்டார். இறக்குவதற்கு அரைநாள் ஆனது. சனிக்கிழமை, "சுத்துது, ஆனா படிக்க மாட்டேங்குது. டிரைவ் போச்சு. இதுக்கு இப்ப ஸ்பேர் கெடைக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவள். டிரைவ் கெட்டுப்போனாலும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் அதன் பெயராவது தெரியும் என்பது எனக்குத் தெரியும். இதில் பெயரே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். டிரைவுக்குப் போகும் டேட்டா கேபிள் கழன்று தொங்கியது. உள்ளே எங்கும் விரல்கனத்துக்குத் தூசி, அந்தக் கேபிளின் முனையில் மட்டும் இல்லை. எலி வேலை என்று நினைத்துக்கொண்டு சொருகினேன். டிவிடி ஓடியது.

குளித்துவிட்டு வந்தவர் திரையைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "ஓடுதா?" என்றார். அவ்வளவுதான். நானும் முழுசாகப் பார்க்கவில்லை. தம்பியோடு சேர்ந்து பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்தேன். அத்தனை நிச்சயம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஆத்தூரிலிருந்து வண்டியில் வந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். டிவிடியை ஓடவிட்டேன். மகளுக்கு மொட்டை அடித்தார்கள். திரை முழுக்க ரோஜாப்பூ கொட்டியது. இதய வடிவத்துக்குள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுழன்று வந்தார்கள். பிறகு என் வீட்டுக்காரர் கையில் மாலையோடு தம்பியைப் பார்த்து நடந்தார்.

"பாத்தியா?" என்றேன்.

அதோடு படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. வேட்டி நுனிக் கீறல். சத்தம் மட்டும் நிற்கவில்லை. நாதஸ்வரம் ஓய்ந்த இடைவெளியில் ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, அங்குட்டு எங்க போறீக? மொதல்ல ஒங்க அக்கா வீட்டுக்காரருக்குப் போடுங்க. இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. தம்பி நம்ம பயதான, அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்."

யார் பேசியது என்று யாரும் கேட்கவில்லை. அது என் குரல். அப்படிச் சொன்னது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. இப்போதும் இல்லை.

தம்பி என் பக்கமே திரும்பவில்லை. "ஏன் மச்சான், இம்புட்டு வருசமா ஒங்களத்தான ஏசுனேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? நான் மச்சான். எங்கூடப் பேசாட்டி ஒனக்கு ஒண்ணும் கொறையாது. அவ ஒனக்கு அக்கா. இருக்கிறதே ஒருத்திதான்."

"அப்ப கேபிளப் புடுங்கினதும் நீங்கதானா?" என்றேன்.

"ஆமா. வியாழக்கெழமயே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை தடவை இதே கூடத்தில் நின்று, தம்பிக்குத்தான் மொதல்ல போட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன என்று அவரைப் பார்த்துக் கத்தியிருப்பேன். அத்தனையையும் ஞாபகம் இல்லை என்ற ஒரே பதிலில் அவர் வாங்கிக்கொண்டிருந்தார்.

தம்பி எழுந்தான். "மச்சான், கல்யாணத்துக்கு நான் வாரேன். ஒங்களுக்காக வாரேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "ஒங்கூட இனிமேத்தான் சண்ட."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரி மேல் கிடந்த பத்திரிகைக் கட்டை இறக்கினேன்.