வாசலில் ஒரு வெள்ளை விளக்கு

போன வாரம் என் தங்கை மாலா செத்துப்போய்விட்டாள் என்று அவள் தெருவே நம்பிவிட்டது. காரணம் – ஒரு விளக்கு.

மாலா செரண்டா என்ற சின்னப் பட்டணத்தில் இருக்கிறாள். புற்றுநோய். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். டியூப்லைட் வெளிச்சம் அவள் கண்ணைக் குத்துகிறது. "ஆஸ்பத்திரியிலயே படுத்திருக்குற மாரி இருக்கு" என்று புலம்பினாள். அவள் கணவன் குணா போனில் தேடித் தேடி ஒரு ஜப்பானியக் காகித விளக்கை வரவழைத்தான். கையால் செய்த வெள்ளைக் காகிதம், உள்ளே மெல்லிய மூங்கில் குச்சிகள். ஒரு பெரிய பலாப்பழம் இடுப்பை வளைத்து நிற்பதுபோல் இருந்தது. விளக்கா, சிற்பமா? எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மாலையில் அவள் காற்றாட உட்காருவது வீட்டு முகப்பில். அங்கேயே கொண்டுபோய் மாட்டினான், பாவி மனுஷன்!

சீனரும் நாமும் அடுத்தடுத்து வாழும் நம் ஊரில், சீனர் வீட்டு வாசலில் வெள்ளைக் காகித விளக்கு தொங்கினால் என்ன அர்த்தம்? சாவு வீடு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குணாவுக்கு அது தோன்றவே இல்லை... மனைவி ஒருமுறை சிரித்தால் போதும் என்றிருந்தான்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு சீன ஆன்ட்டி, துக்கத்துக்குக் கொடுக்கும் வெள்ளைக் கவரோடு வந்து நின்றார். கதவைத் திறந்தது மாலா! "சோரி, சோரி" என்று ஆன்ட்டி அழுதேவிட்டார்.

அதற்குள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நம்மவர்களே 'ஓம் சாந்தி' போட ஆரம்பித்திருந்தார்கள். செய்தி கேட்டு நான் பதறி ஓடினால், மாலா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

குணா நாற்காலியில் ஏறி, "இத ஒடச்சுப் போட்டுர்றேன்" என்று கத்தினான்.

"வேணாம் லா, அழகாத்தானே இருக்கு. ரூம்ல மாட்டுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியாக்கா, நெசமான்னு ஒருத்தர்கூட கேக்கல. எல்லாரும் ரெடியாதான் இருந்திருக்காங்க."

யாரைத் திட்டுவது? நோயாளியைப் பார்க்கப் போகிறோம். அவளிடம் பேசாமல், கணவனைத் தனியே கூப்பிட்டு 'எப்படி இருக்காங்க?' என்கிறோம். ஆள் உயிரோடு இருக்கும்போதே வழியனுப்பிவிடுகிறோம்.

இப்போது அந்த விளக்கு அவள் கட்டிலுக்கு மேல் தொங்குகிறது. "என் காரியத்தப்ப திரும்ப வாசல்லயே மாட்டிருங்க. ஆன்ட்டிக்குத் தனியா சொல்ல வேணாம்" என்று சிரித்தாள். குணா எழுந்து வெளியே போய்விட்டான்.

நேற்று மாலை அவள் தெருவில் திரும்பும்போதே அந்த முகப்பைத்தான் பார்த்தேன். ஒரே இருட்டு.

அப்பாடா!