பரிசு வாங்கிய இராக்கொக்கு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளருக்குத் தன் கணவர் மேல் கோபம் வந்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒருவர் மேல் கோபப்படுவதற்கும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்க வேண்டும். அது தீர்ந்த இடத்தில் இளக்காரம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அவள் வேலை அப்படி. ரத்தம் பட்ட விரிப்பு ஒரு பக்கம், மருந்து கொட்டியது ஒரு பக்கம், தொற்று நோயாளிகளின் துணி தனிப் பையில். எந்தக் கறை எந்தத் தண்ணீரில் போகும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். வீட்டில் இருந்தவர் எந்தத் தண்ணீருக்கும் மசிகிற ரகமில்லை.

காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில், செத்தவர் குடும்பத்துக்கு ஏன் ஒன்றும் தரக்கூடாது என்று காரணம் கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். விருப்ப ஓய்வு வாங்கியதும் முழங்கை நீள லென்ஸோடு ஒரு கேமரா வாங்கினார். பறவைப் படக் கழகத்தில் சேர்ந்தார். நாலு நாரையைப் படம் பிடித்த கையோடு, தன்னை ‘நாரையார்’ என்று கூப்பிட ஆளும் பிடித்துக்கொண்டார். தெருவில் அவருக்குப் பெயர் கொக்கு சார். அவர் காதில் விழாமல் சொல்லவேண்டுமே என்று யாரும் மெனக்கெடவில்லை.

“பொறுமை வேணும். பறவைப் படத்துக்குப் பொறுமைதான் எல்லாம்” என்பார். தட்டில் சாப்பாடு விழக் கொஞ்சம் தாமதமானால் கரண்டியால் மேசையைத் தட்டுகிற மனுஷன்.

சலவைக்கூடத்து மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். அதில் இராக்கொக்குகள் கூடு கட்டியிருந்தன. கறுத்த உச்சி, சிவந்த கண், பின்னந்தலையிலிருந்து தொங்கும் வெள்ளை இறகுகள். பகலெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டு, கடன்காரனுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்கிறவன் மாதிரி இலைக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் பேச்சு வாக்கில் இதை அவரிடம் சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். அந்த ஜன்னல் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

முதல் நாள் முழுக்க இஸ்திரி மேசையை மறித்துக்கொண்டு நின்றும் படம் தேறவில்லை. கூட்டை இலை மூடியிருந்தது.

“இந்த ரெண்டு கிளை மட்டும் இல்லேன்னா போதும்” என்றார்.

“அதுக்காகத்தானே அதுங்க அங்க கட்டியிருக்கு. கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

மறுநாள் அவள் வார்டுகளுக்குத் துணி அனுப்பிவிட்டு வந்தபோது, தோட்டக்காரரின் துரட்டி ஜன்னலில் சாய்ந்திருந்தது. கீழே தகரக் கூரை மேல் பச்சை மாறாத கிளைகள் கிடந்தன. உச்சி வெயிலில் கூடு மொட்டையாக நின்றது. உள்ளே மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்து, தொண்டை படபடக்கக் கிடந்தன. தாய்ப்பறவை வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு இறக்கையையும் குடைபோல விரித்து அவற்றின் மேல் நின்றது.

“பாரு, பாரு. தாய்மை” என்றார் அவர். கேமரா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் கேமராவோடு அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, படி இறக்கிவிட்டு, கதவைத் தாழிட்டாள். வெட்டிய கிளையைத் திரும்ப ஒட்டவைக்க அவளிடம் வழியில்லை. காகங்களுக்குக் கூடு தெரிந்துவிட்டது. மறுநாள் காலை இரண்டு குஞ்சுகள் இல்லை. மூன்றாவது தகரக் கூரையில் கிடந்தது. தலைமயிர் சிலிர்த்து, எழுப்பிவிட்ட குடிகாரனைப்போல முறைத்தது.

துணிக்கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். “அட, இது நம்ம ஆளாச்சே” என்று அவர் குனிந்தார். பயத்தில் அது அரைகுறையாகச் செரித்த மீனை அவர் சட்டை முழுக்கக் கக்கியது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

குளியலறை குஞ்சுக்கு ஆனது. அவர் குளிக்கப் போனால் காலைக் கொத்தியது. சின்ன மீன் வெட்டிப் போடுகிற அவள் கையையும் விடவில்லை. அந்த நன்றிகெட்டதனம் அவளுக்குப் பிடித்திருந்தது. அது யாரிடமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கவில்லை.

அந்தப் படம் ‘தாய்மை’ என்ற பெயரில் முதல் பரிசு பெற்றது. கழகத்தின் விழாவுக்கு அவளும் போனாள். பொறுமை பற்றி, உயிர்களிடத்தில் கருணை பற்றி அவர் நெஞ்சு நிமிர்த்திப் பேசினார். கேட்டவர்கள் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்காமல் இருந்ததே பெரிது. பிறகு தலைவர், “சாருக்குத் துணையா இருக்கிற மேடமும் ரெண்டு வார்த்தை பேசணும்” என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

“இவர் துரட்டியால கிளையை வெட்டினார். நிழல் போச்சு. அதனாலதான் அந்தப் பறவை இறக்கையை விரிச்சு நின்னுது. மூணு குஞ்சுல ரெண்டைக் காக்கா தூக்கிட்டுப் போச்சு. ஒண்ணு எங்க வீட்டுக் குளியலறையில இருக்கு. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

ஆடிக்கொண்டிருந்த தலைகள் அப்படியே நின்றன. தலைவர்தான் முதலில் சிரித்தார். “மேடம் ரொம்பத் தமாஷாப் பேசுறாங்க” என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. கை தட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை என்பது அந்தக் கைதட்டலிலேயே அவளுக்குப் புரிந்துபோனது.

வெளியே வரும்போது டை கட்டிய ஒருவர் கணவரை ஓரமாக ஒதுக்கினார். “துரட்டி எவ்வளவு நீளம் சார்? எனக்கும் ஒரு கூடு பாக்கி இருக்கு.”

அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்துக்கொண்டே நீளத்தைச் சொன்னார்.

வீட்டில் வரவேற்பறைச் சுவரில் படம் ஏறியது. அவள் தடுக்கவில்லை. வருகிறவர்கள் “ஆகா, என்ன படம்” என்று வாயைத் திறக்கும்போதெல்லாம், தேநீரை நீட்டிக்கொண்டே விழாவில் சொன்னதைச் சொன்னாள். குரல் ஏற்றாமல், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அவருடைய பழைய மேலதிகாரிக்குச் சொன்னாள், சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னாள், எரிவாயு உருளை தூக்கிவந்தவருக்கும் சொன்னாள்.

“எத்தனை பேர்கிட்டதான் சொல்லுவே?”

“படம் சுவத்துல இருக்கிற வரைக்கும்.”

ஒரு காலையில் அவரே நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். பரண் மேல் வைக்கும்போது, பாவம், பரிசுக் கேடயத்தை மட்டும் துடைத்து வைத்தார்.

குஞ்சுக்கு இறகு முற்றியதும், ஒரு சாயங்காலம் அவளே கூடையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். மூடியைத் திறந்ததும் அது அவள் கட்டைவிரலை ரத்தம் வர ஒரு கொத்துக் கொத்திவிட்டு, நாணலுக்கு மேலே தாழப் பறந்து போனது. விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, அது கண்ணுக்கு மறையும்வரை நின்றாள். பிறகு வெறுங்கூடையை ஏரித் தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு நடந்தாள்.