ஓரகத்தியின் முட்டையும் என் இருமலும்

சோமனூரில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தறி ஓடுகிறது. நானும் என் ஓரகத்தி சாந்தாமணியும் இருமுவது பஞ்சுத் தூசியால் என்றே இருந்தோம். இருமல் நிற்காததால் ஆஸ்பத்திரியில் டப்பா கொடுத்து, காலையில் சளி கொண்டுவரச் சொன்னார்கள். அவள் வாசலில் நின்று நன்றாக இருமித் துப்பினாள். நானோ மாமனார் காதில் விழுமே என்று சத்தமில்லாமல் எச்சிலைத் துப்பி மூடினேன்.

அவளுக்குக் காசநோய், எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவளுக்கு மாத்திரையோடு தினமும் முட்டை, பால், ஓய்வு. அவள் தறியும் என் தலையில். மாமியார் அவளுக்கு முட்டை உரிக்கும்போதெல்லாம், அந்த நோய் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று வயிறெரிந்தேன்.

அவள் தேறினாள், நான் இளைத்துக்கொண்டே போனேன்.

"ஏனுங்கக்கா, அன்னிக்கு டப்பாவுல சளி துப்புனீங்களா, எச்சலா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எச்சல்தான். ரெண்டும் ஒண்ணுதானே அம்மணி?"

"நல்லாச் சொன்னீங்க போங்க. எச்சல்ல கிருமி எப்படிங்க தெரியும்? நெஞ்சுலிருந்து இருமோணும். மாமா கேட்டாக் கேக்கட்டுமுங்க."

வேறு டப்பா வாங்கி வந்து, மறுநாள் தெருவே கேட்க இருமினேன். எனக்கும் அதே நோய்தான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக் குணமானேன்.

இப்போது தெருவில் யாராவது சளி டப்பா வாங்கி வந்தால், கூச்சப்படாமல் இருமச் சொல்லி நானே வாசலில் எட்ட நிற்கிறேன். மாமியார் இப்போது இரண்டு முட்டை உரிக்கிறார். பெரியது யாருக்கு என்று பார்ப்பதை மட்டும் நான் இன்னும் விடவில்லை.